பழைய வண்டிக்கு எந்த பிரேக் பேட்? ஏற்காடு மலை இறங்குகிறவர்களுக்காக

என்னிடம் இருப்பது 2002 மாடல் மாருதி ஜென். அப்பா வாங்கியது. முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றுகிற தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துவதுதான் பேட்), பின்னால் டிரம், அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் எல்லாம் கிடையாது. மாமனார் வீடு ஏற்காட்டைத் தாண்டி நாகலூரில் இருக்கிறது, அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது சாயங்காலம் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கித்தான் சேலம் வந்து சேர வேண்டும். மற்ற நாளெல்லாம் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவே சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டிதான். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பேட் சரிப்படுமா என்று இந்த முறை மாற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன், படித்தேன், மெக்கானிக் அண்ணனிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். பழைய வண்டியை விற்க மனசில்லாமல் வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

இவ்வளவு யோசிக்க வைத்தது ஒரு மே மாதம். கோடை விழா நேரம், மலை முழுக்க வண்டி. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் பேட் மாற்றியிருந்தேன். அட்டைப்பெட்டியில் பெயர் இருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை, விலை குறைவு, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள், சரி என்று வந்துவிட்டேன். வண்டியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பின்னால் டிக்கி நிறைய மாமியார் கொடுத்தனுப்பிய பலாப்பழமும் மிளகும் காபிக்கொட்டையும். முன்னால் போன வேன் நின்று நின்று போனதால் நானும் மூன்றாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். பாதி மலைக்கு மேல் இறங்கியிருப்போம், எரிந்த ரப்பர் மாதிரி ஒரு வாடை. அடுத்த வளைவுக்கு முன்னால் மிதிக்கிறேன், பெடல் கல் மாதிரி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்த அந்த நிமிடம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

பெடல் கல் மாதிரி இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் அது ஒரு கோளாறு, பெடல் பஞ்சு மாதிரி அடிவரைக்கும் போய் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு கோளாறு. எந்தப் பேட் வாங்குவது என்பதற்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது ரொம்ப முக்கியம். முதலாவதில் ஆயில் அழுத்தம் சரியாக வருகிறது, பேட் போய் டிஸ்க்கைக் கவ்வுகிறது, ஆனால் பேட்டுக்குப் பிடிப்பு போய்விட்டது. பேட்டில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிற பிசின் சுமார் 300 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பிக்கும், அப்போது வருகிற வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று வழுக்க விடுகிறது. இரண்டாவதில் பேட் நன்றாகத்தான் இருக்கும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கும், நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழியை அமுக்குவதற்கே சரியாகப் போய்விடும். முதலாவதுக்கு மருந்து நல்ல பேட். இரண்டாவதுக்கு எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

மலை எவ்வளவு சூட்டைக் கொடுக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆளும் சாமானும் சேர்த்து ஒரு டன் எடையுள்ள வண்டி அந்த 1200 மீட்டர் இறங்கும்போது மூன்றே கால் யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். நாற்பது லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் இருந்து கொதி நிலைக்குக் கொண்டுபோகிற சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் எடுத்துக்கொள்ளலாம் அல்லது முன்னால் இருக்கிற இரண்டு சின்ன டிஸ்க்கும் அதைக் கவ்வுகிற உள்ளங்கை அளவுகூட இல்லாத நாலு பேட்டும் எடுத்துக்கொள்ளலாம், பின் டிரம்முக்குப் போவது குறைவுதான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, பேட் வகைகளுக்கு வருவோம்.

பேட் என்பது ஒரே பொருள் இல்லை, இருபது முப்பது சாமான் போட்டு அரைத்து அழுத்திச் சுட்ட கலவை. ஃபீனாலிக் பிசின், கிராஃபைட், பேரியம் சல்பேட், அராமிட் நார், தேய்மானத்துக்கும் பிடிப்புக்கும் சில தூள்கள். எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால் இந்தக் கலவையில் முந்திரிக்கும் பங்கு உண்டு, முந்திரிக்கொட்டை ஓட்டில் இருந்து எடுக்கிற எண்ணெயைக் கெட்டியாக்கித் தூளாக்கிப் பிரேக் பேட்டில் சேர்க்கிறார்கள், பிடிப்பு சீராக இருக்கவும் சத்தம் குறையவும். அடுத்த முறை பண்ருட்டிப் பக்கம் போய் முந்திரி உடைப்பதைப் பார்க்கும்போது அந்த ஓட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இந்தக் கலவையில் இரும்புச் சாமான் எவ்வளவு என்பதை வைத்துத்தான் பெயர் மாறுகிறது. இரும்பு அநேகமாக இல்லாமல் நார்களும் பிசினும் கனிமத் தூளும் மட்டும் இருந்தால் ஆர்கானிக். அந்தக் காலத்தில் இதில் நாராக ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள், அது நுரையீரலுக்கு எமன் என்று தெரிந்த பிறகு அது இல்லாமல் செய்வதால் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஆர்கானிக்' என்று பெட்டியில் போடுகிறார்கள். அதே ஆர்கானிக்கில் எடையில் பத்தில் இருந்து முப்பது சதவீதம் வரை செம்போ எஃகு நாரோ சேர்த்தால் லோ மெட்டாலிக். முப்பதில் இருந்து அறுபத்தைந்து சதவீதம் வரை உலோகம் இருந்தால் செமி மெட்டாலிக். எஃகு நாருக்குப் பதிலாக செராமிக் நாரும் நுண்ணிய தூளும் போட்டால் செராமிக். இருசக்கர வண்டிகளில் சின்டர்டு என்று ஒன்று உண்டு, உலோகத் தூளையே அழுத்திச் சூடாக்கி ஒட்ட வைத்தது, நம்முடைய பழைய கார்களுக்கு அது தேவையில்லாத பேச்சு.

ஆர்கானிக் பேட்டுக்குப் பழைய வண்டியில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அது மென்மையானது, டிஸ்க்கைத் தின்னாது. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் மிதியிலேயே பிடிக்கும், சூடாக வேண்டும் என்று காத்திருக்காது. கீச் சத்தம் குறைவு. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற டவுன் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குறை என்ன என்றால் சீக்கிரம் தேயும், அப்புறம் சூடு. சூடு ஒரு அளவைத் தாண்டியதும் நான் மேலே சொன்ன கதைதான். ஆனால் இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும், எனக்கு மலையில் கைவிட்ட பேட் ஆர்கானிக் என்பதால் கைவிடவில்லை, கேவலமான ஆர்கானிக் என்பதால் கைவிட்டது. கழற்றிப் பார்த்தபோது ஓரமெல்லாம் பொடிந்து, முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அதே வண்டிக்கு நல்ல கம்பெனி ஆர்கானிக் போட்டு அதே மலையில் இரண்டாவது கியரில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன், வாடைகூட வந்ததில்லை. பேட் எந்த வகை என்பதைவிட யார் செய்தது என்பது பெரிய வித்தியாசம் என்று என் அனுபவம் சொல்கிறது. இதில் நாம் தமிழ்நாட்டில் இருப்பது ஒரு வசதி, 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் இருக்கிறது, ரானேயும் சென்னைதான், இவர்களுடைய பேட்டும், டிரம்முக்குள் பேட்டின் வேலையைச் செய்கிற லைனரும் பழைய மாருதிகளுக்குத் தேடினால் கிடைக்கும். மாருதியின் சொந்தப் பேட் கிடைத்தால் அதுவும் சரி.

செமி மெட்டாலிக் பக்கம்தான் என் மச்சான் நின்றார். அவர் கட்சி எளிமையானது, மலை என்றால் சூடு, சூடு என்றால் இரும்பு, இதில் பேச என்ன இருக்கிறது என்பார். தவறு இல்லை. உலோகம் அதிகம் இருப்பதால் அதிக சூட்டிலும் பிடிப்பு விழாது, நீண்ட நாள் உழைக்கும். நிறைய பாரம் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு நாலு முறை மலை இறங்குகிற வண்டி என்றால் நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் அது தன் நன்மையோடு மூன்று தொல்லையையும் கூட்டிக்கொண்டு வருகிறது, மூன்றுமே பழைய வண்டியைத்தான் அதிகம் பாதிக்கும்.

முதலாவது டிஸ்க். செமி மெட்டாலிக் கடினம், அதனால் டிஸ்க் சீக்கிரம் தேயும். ஜென் 2006-லேயே உற்பத்தி நின்ற வண்டி, மாருதி 800 2014-ல் நின்றது. பேட் கிடைப்பது கஷ்டமில்லை, நல்ல டிஸ்க் கிடைப்பதுதான் வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிறது. பெரும்பாலான டிஸ்க்கில் அது எந்த கனம் வரைக்கும் தேயலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதற்குக் கீழே போனால் தூக்கித்தான் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை லேத்தில் கடைந்து மெலிந்துபோன டிஸ்க்கில் செமி மெட்டாலிக் போடுவது, மிச்சம் இருக்கிற ஆயுளையும் நாமே சுரண்டி எடுப்பதுதான். மெலிந்த டிஸ்க் சூட்டையும் குறைவாகத்தான் வாங்கும், சீக்கிரம் சூடேறும், அதனால் எதற்காக அந்தப் பேட்டைப் போட்டோமோ அதுவே கெட்டுப்போகும்.

இரண்டாவது, காலை நேரம். செமி மெட்டாலிக்குக் கொஞ்சம் சூடு ஏறினால்தான் முழுப் பிடிப்பு வரும். நாகலூரில் இருந்து டிசம்பர் மாதக் காலையில் ஆறு மணிக்கு மூடுபனியில் வண்டியை எடுக்கிறோம், முதல் மிதி எனக்குச் சூடான மிதியைப்போலவே வேண்டும், அங்கே ஒரு காட்டுமாடு குறுக்கே நின்றால் பேட் சூடாகிற வரைக்கும் அது காத்திருக்காது. காலால் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டர் இல்லாத பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்குக் கால் பலமும் கூடுதலாக வேண்டும்.

மூன்றாவதுதான் யாரும் சொல்லாதது, என் மெக்கானிக் அண்ணன் சொல்லித்தான் எனக்கே உறைத்தது. உலோகம் சூட்டைக் கடத்தும். பேட்டில் உலோகம் அதிகம் என்றால் டிஸ்க்கின் சூடு பேட் வழியாகப் பின்னால் இருந்து பேட்டைத் தள்ளுகிற காலிபரின் பிஸ்டனுக்கும், அங்கே இருந்து பிரேக் ஆயிலுக்கும் வேகமாகப் போகும். "பேட் தாங்கும் தம்பி, அதுக்குப் பின்னால இருக்கற ஆயில் தாங்குமானு பார்க்கணுமுங்க" என்றார். இருபது வருட வண்டி, பழைய ரப்பர் சீல், எப்போது மாற்றினோம் என்றே ஞாபகம் இல்லாத ஆயில். கல் மாதிரி பெடல் என்ற கோளாறில் இருந்து தப்பித்து, பஞ்சு மாதிரி பெடல் என்ற அதைவிட மோசமான கோளாறில் போய் மாட்டுகிறோம். மோசம் என்று ஏன் சொல்கிறேன் என்றால் பேட் சூடாகும்போது வாடை வரும், பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், முன்னறிவிப்பு கிடைக்கும். ஆயில் கொதித்தால் போன வளைவில் இருந்த பெடல் இந்த வளைவில் இருக்காது.

செராமிக் பற்றி அதிகம் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை, தூள் குறைவு, அலாய் வீல் கறுக்காது, டிஸ்க்குக்கும் நல்லது, சீராகப் பிடிக்கும். புது வண்டிக்கு, அதுவும் அந்த வண்டிக்கென்றே கம்பெனி கொடுத்திருந்தால், அருமையான சாமான். நம் வண்டிகளுக்கு அது சுலபத்தில் கிடைப்பதில்லை, கிடைப்பதில் பாதி செராமிக் என்று பெட்டியில் மட்டும் எழுதியிருப்பது, விலையோ நாலில் அதிகம். சூட்டைக் கடத்தாது என்பது உண்மை, ஆனால் அந்தச் சூடு மாயமாக மறைந்துவிடாது, டிஸ்க்கிலேயே தங்கும். ஏற்காடு அடிவாரத்தை ஒட்டி வெள்ளையாகத் தெரிகிற மேக்னசைட்டில் இருந்து சூளைக்கும் உலைக்கும் செங்கல் செய்கிறார்களே, அது உலையின் சூட்டைத் தாங்குகிறது, சூட்டைக் குறைப்பதில்லை. சின்ன டிஸ்க் உள்ள பழைய வண்டியில் நமக்கு வேண்டியது சூடு குறைவது. அந்தக் காசை வேறு இடத்தில் போடலாம் என்பது என் முடிவு.

மிச்சம் இருப்பது லோ மெட்டாலிக், நான் போட்டதும் அதுதான். டிஸ்க்கைச் செமி மெட்டாலிக் அளவுக்குத் தின்னாது, மலைச் சூட்டில் சாதாரண ஆர்கானிக்கைவிட நின்று பிடிக்கும், காலைக் குளிரிலும் முதல் மிதி பழுதில்லை. குறை இருக்கிறது, சக்கரம் ஒரே வாரத்தில் கறுப்புத் தூளாகிவிடும், ஈரத்தில் சில நாள் முதல் இரண்டு மிதிக்குக் கீச்சென்று கத்தும். மனைவிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. எனக்கு அந்த மே மாதம் ஞாபகம் இருக்கிறது, சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

கடையில் பேட்டைக் கையில் வாங்கியதும் என்ன பார்ப்பது? சில பேட்டின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்து சேர்த்து அச்சிட்டிருப்பார்கள், முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்று அர்த்தம். 'ஈ' என்றால் 0.25-ல் இருந்து 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35-ல் இருந்து 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45-ல் இருந்து 0.55 வரை. இரண்டு எழுத்தும் 'எஃப்' என்று இருந்தால் பழைய சின்ன கார்களுக்குப் போதுமானது, குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் எழுத்து 'எஃப்', இரண்டாவது 'ஈ' என்றால் சூட்டில் பிடிப்பு இறங்கும், டவுனுக்குச் சரி, மலைக்கு நான் வாங்க மாட்டேன். பெரிய எழுத்துதான் நல்லது என்று 'ஜி' தேடிப் போக வேண்டாம், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் பேட் மட்டும் அளவுக்கு மீறிக் கவ்வினால் மழையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும், கொண்டை ஊசி வளைவில் நேராகப் போவது என்றால் எங்கே போவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தே இல்லாத, கம்பெனி பெயரும் இல்லாத பேட் என்றால் எந்த விலையிலும் வேண்டாம்.

இப்போது ஆயில். பேட்டை ஒப்பிடுகிற பேச்சில் ஆயில் எதற்கு என்று கேட்காதீர்கள், ஆயிலைப் பார்க்காமல் பேட்டை முடிவு செய்யவே முடியாது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். டாட் 3 என்கிற தர ஆயிலுக்குக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். டாட் 4-க்கு அது 230, 155. ஏற்காட்டு மழையையும் பனியையும் சேலத்து வெயிலையும் மாறி மாறிப் பார்க்கிற வண்டியில் ஐந்து வருடம் மாற்றாத ஆயில் எந்தக் கணக்கில் இருக்கும் என்று நீங்களே பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றி ஏர் எடுத்துவிட வேண்டும். டாட் 3 கேட்கிற வண்டியில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 என்று எழுதியிருந்தால் அது சிலிக்கான், தொடவே வேண்டாம், கலந்தால் கெட்டுவிடும்.

அதனால் என் கணக்கு இப்படி ஆனது. செராமிக்குக்குக் கொடுக்க நினைத்த காசில் லோ மெட்டாலிக் பேட், டாட் 4 ஆயில், முன் பக்கம் ஆயில் போகிற இரண்டு புது ரப்பர் ஹோஸ், காலிபர் நகர்கிற பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ், காலிபர் சீல் கிட் எல்லாம் முடிந்தது. ஹோஸைக் கழற்றியபோது ஒன்றில் உள் ரப்பர் ஊதிக் கிடந்தது, அதனால்தான் இடது பக்கம் பேட் எப்போதும் முதலில் தேய்ந்திருக்கிறது, நான் இத்தனை வருடம் பேட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் மாருதி 800 வைத்திருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். வீட்டில் இருந்து செவ்வாய்பேட்டை கடைக்கும் சுகவனேசுவரர் கோயிலுக்கும் தவிர வண்டி எங்கேயும் போகாது. எனக்கு நல்லதாகப் பட்டதை அவருக்குச் சொல்லவில்லை, கம்பெனி ஆர்கானிக் போடுங்கள், டிஸ்க்கைக் கடையாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள் என்றுதான் சொன்னேன். அவருடைய காலுக்கு லேசான மிதியில் பிடிக்கிற பேட்தான் பாதுகாப்பு. மச்சானுக்கு எஸ்டேட்டில் இருந்து மூட்டை ஏற்றி இறங்குகிற வேலை, வண்டியும் கனம், டிஸ்க்கும் பெரிது, அவர் செமி மெட்டாலிக் போட்டுக்கொள்ளட்டும், வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பழைய ஜீப், அம்பாசடர் என்று நாலு பக்கமும் டிரம் உள்ள வண்டிக்காரர்களுக்குப் பேட் கேள்வியே இல்லை, லைனர்தான். டிரம் சூடானால் விரிந்து லைனரை விட்டு விலகும், பெடல் கீழே போகும், பேட் மாதிரி இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று, மலிவு லைனரில் இன்றும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லேயே அதை நிறுத்திவிட்டார்கள், நம் நாட்டில் முழுத் தடை இல்லை. கேட்டு வாங்குங்கள். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் வைத்து ஊதுகிறார்களே, அதை மட்டும் செய்ய விடாதீர்கள், பக்கத்தில் நிற்கிற சின்னப் பையன் அந்தத் தூளைத்தான் மூச்சில் இழுக்கிறான். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

புதுப் பேட் போட்ட அன்றே மலைக்குப் போகாதீர்கள். எந்த வகையாக இருந்தாலும் புதுப் பேட்டில் மிச்சம் இருக்கிற வாயு முதல் பெரிய சூட்டில்தான் வெளியே வரும், அது மலையில் வரக் கூடாது. நான் கருப்பூர் பக்கம் காலியான ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இருந்து பத்துக்கு, நிறுத்தாமல், மிதமாக மிதித்து, ஒவ்வொரு முறைக்கும் நடுவே கொஞ்சம் ஆற விட்டு இருபது இருபத்தைந்து தடவை செய்தேன், அப்புறம் ஒரு வாரம் டவுனில் ஓட்டினேன். சூடான பேட்டை டிஸ்க்கில் அழுத்திப் பிடித்தபடி நிற்கக் கூடாது, அந்த இடத்தில் மட்டும் பேட் பொருள் ஒட்டிக்கொண்டு பிறகு மிதிக்கும்போதெல்லாம் உதறும்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை இந்த மலையில் இன்னும் பார்க்கிறேன், சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். இன்ஜின் அணைந்தால் பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். தயவுசெய்து வேண்டாம், எந்தப் பேட் கம்பெனியும் இதற்கு ஈடு கட்டும் பேட் செய்யவில்லை. கியரில் வந்தால் பேட்டுக்கு வேலையே பாதிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம், இரண்டாவது கியர், வளைவுக்கு முன்னால் மட்டும் ஒரு அழுத்து, பிறகு விட்டுவிடுவது. அடிவாரத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல், அனல் எப்படி என்று பார்த்தேன். முன் இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக அடித்தால் அந்தப் பக்கம் காலிபர் இறுகியிருக்கிறது என்று அர்த்தம், அப்படியே மெக்கானிக்கிடம் போக வேண்டும். எனக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சூடான டிஸ்க்கில் ஊற்றப் போனார், ஓடிப்போய்த் தடுத்தேன், வார்ப்பிரும்பு அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் வளையும், விரிசல்கூட விடும். பத்து நிமிடம் ஆற விட்டால் போதும் என்றேன். நானும் அவரோடு நின்றேன். பிள்ளைகள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.